விடவா?

பதில் சற்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சொல்ல அணில் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

தூங்குமூஞ்சி மரத்தின் நடுக்கிளையில், இடுப்புவாரைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, கைரம்பத்தைப் பாதி வெட்டில் நிறுத்தியிருந்தான். வழக்கம்போலக் கீழே குனிந்து "விடவா?" என்று கேட்டான். கேட்டபின் ஒரு மூச்சு விட்டு, அவனே தனக்குள் "விடு" என்று சொல்லிக்கொள்வான். அதற்கப்புறம்தான் கை நகரும். இந்த முறை மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, இலைகளுக்குள்ளிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, "விடுடா அணிலு."

கை தன்பாட்டுக்கு ரம்பத்தை இழுத்தது. கிளை முறிந்து, தழைகளைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தரையில் தொம்மென்று விழுந்தது. புழுதி வாடை மேலே வந்து சேர்ந்த பிறகுதான் அணிலுக்கு உடம்பு சிலிர்த்தது. அது அண்ணனின் குரல். அந்தச் செருமலை அவன் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்லுவான். ஆனால் அண்ணன் அந்நேரம் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்குப் பேச்சுப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

அணில் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தரையில் இருந்த நேரத்தைவிட மரத்தில் இருந்த நேரம் அதிகம் என்று அண்ணன் கேலியாக ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டது. இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட "அணில் மாமா" என்றுதான் கூப்பிடுகின்றன.

வேலை இரண்டு பேருடையது. மேலே ஒருவன், கீழே ஒருவர். மேலே இருப்பவனுக்கு இலை மறைக்கும், தரை தெரியாது. கீழே நிற்பவர் சுற்றுமுற்றும் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதியானபின் "விடு" என்பார். காற்றில் காது கேட்காத நாளில் கைச்சாடை. முஷ்டி மடக்கி உயர்த்தினால் நில்லு, கை விரிந்தால் விடு. "மேல இருக்குறவனுக்குக் கண்ணு கிடையாதுடா. கண்ணு நான்தான்" என்று அண்ணன் சொல்லுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் அணில் இத்தனை காலம் கிளைகளைத் தள்ளினான். ஒருவர்மீதும் ஒரு சுள்ளி விழுந்தது கிடையாது.

அண்ணன் படுத்தபின் வேறொருவரை வைத்துப் பார்த்தான். தங்கமான மனுஷர். "விட்டுக்கலாம் தம்பி" என்பார், மரியாதையாக. அணிலின் கை அசையாது. இவர் சரியாகப் பார்த்தாரா, அந்த மூலையைப் பார்த்தாரா, தூணுக்குப் பின்னால் பார்த்தாரா என்று மனசு குடைந்துகொண்டே இருக்கும். நாலாம் நாள் அந்த மனுஷரே, "என்னை நம்பாத ஆளுகிட்ட எனக்கென்ன வேலை" என்று கிளம்பிவிட்டார். அதிலிருந்து அணில் தனியாள். முதலில் இறங்கி நாலு பக்கமும் பார்த்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி ஏறுவான். ஏறியபின் கேள்வியும் அவனே, பதிலும் அவனே. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை காதில் விழாமல் அவனால் வெட்ட முடியவில்லை.

தனியாக ஏறுவது வெளியே தெரிந்தால் பிழைப்புப் போய்விடும். இந்த நகரத்தில் வயசான மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சொந்த நிலத்தில் நின்றாலும் சொந்தக்காரர் ஒரு கொப்பைத் தொட முடியாது. விண்ணப்பம் போட வேண்டும். மர அதிகாரி வந்து பார்த்து, வெட்டலாம் என்று தோன்றும் கிளைகளில் மட்டும் மஞ்சள் பெயின்ட்டால் வளையம் போட்டுவிட்டுப் போவார். வளையம் இல்லாத கிளையைத் தொட்டால் குற்றம். பொந்து இருக்கும் மரமென்றால் இயந்திர ரம்பம் கூடாது, கைரம்பம்தான். சூரியன் மறையுமுன் இறங்கிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமத்தில் பெயர் உள்ள இரண்டு பேரும் வேலை நடக்கும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

அதிகாரி அம்மா கெட்டிக்காரி. மூடிக் கிடக்கும் இந்த அச்சகத்தின் பின்முற்றத்துக்கு வளையம் போட வந்த அன்று, தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கீழ நிக்கிறது யாரு?"

"அண்ணன்தாம்மா. டீ குடிக்கப் போயிருக்காரு."

"நான் வர்றப்பெல்லாம் உங்க அண்ணனுக்கு டீ தாகம் எடுத்துடுது போல." அவர் சிரிக்கவில்லை. "இந்த வேலை முடியறதுக்குள்ள ஒரு நாள் வருவேன். அவரு முகத்தைப் பாக்கணும். இல்லேன்னா உரிமத்தை ரத்து பண்ணிடுவேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

ஒரு வருஷத்துக்கு முன்னால், அச்சகத்துக்காரர் விண்ணப்பம் போடுவதற்காக, அண்ணனும் தம்பியும் இந்த மரத்தைப் பார்க்க ஒருமுறை வந்திருந்தார்கள். அணில் ஏறி அளவெடுத்தான். அண்ணன் கீழே நின்று "பாத்துடா, பொந்து இருக்கு" என்று கத்தினார். அன்று இரவுதான் அவருக்கு வாய் இழுத்துக்கொண்டது. அனுமதி வந்து சேர்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. இரண்டையும் சேர்த்து அணில் யோசித்ததே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

இப்போது கிளையில் உட்கார்ந்துகொண்டு, கூச்சமாக, "அண்ணே" என்றான்.

இலைகள் அசையவில்லை. கீழே எங்கிருந்தோ, "ம்."

அணில் அழுதான். பயந்திருக்க வேண்டியவன், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். ஒரு வருஷமாக இந்த உயரத்தில் அவனுக்கு ஒரு சொல் கிடைத்ததில்லை. மதியத்திலிருந்து மாலை வரை ரம்பத்தின் சத்தம், காக்கைச் சத்தம், தன் மூச்சின் சத்தம். வீட்டிலும் பேச்சில்லாத அண்ணன். பேச ஒரு குரல் இருந்தால் போதும், அது யாருடையதானால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எப்படிண்ணே இருக்கே?"

"விடு."

"என்னால தனியா முடியலண்ணே."

செருமல். "பாத்துடா."

வளையம் போட்ட கிளைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அன்றே தள்ளிவிட்டான். கேட்டான், பதில் வந்தது, வெட்டினான். அத்தனை இதமாக அவன் வேலை பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. சாயங்காலம் இலைகள் சோடி சோடியாகக் கை கூப்பி மூடத் தொடங்கியபோதுதான் இறங்க மனசில்லாமல் இறங்கினான். முற்றத்தில் வெட்டிய கிளைகள் கிடந்தன. வேறு யாரும் இல்லை.

வீட்டில் அண்ணி, அண்ணனுக்கு இடது கைப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். வலது கை விழுந்துவிட்டது. இடது கையைத் தூக்கி நிறுத்தப் பழக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். தூக்குவார், நாலைந்து மூச்சுக்கு நிற்கும், பிறகு ஈரத்துணி மாதிரி விழுந்துவிடும்.

"இன்னிக்கு நேத்தைவிடப் பரவால்ல" என்றாள் அண்ணி. அவள் காலையில் தையல் கடைக்குப் போய் மதியம் திரும்புவாள். அதன் பிறகுதான் அணில் மரத்துக்குக் கிளம்ப முடியும். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க. தம்பி பாக்குறாருல்ல, சோம்பேறின்னு நெனச்சுக்கப் போறாரு."

அவள் அடுப்படிக்குப் போனதும் அணில் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணனின் காதருகே குனிந்து, ரகசியம் சொல்லும் சந்தோஷத்தோடு சொன்னான். "அண்ணே, உன் குரலு எங்கயும் போயிடல. இன்னிக்கு நான் கேட்டேன். அச்சகத்து மரத்துல. விடுடா அணிலுன்னு சொன்னே."

அண்ணனின் கண்கள் அகன்றன. சிரிக்கப்போகிறார் என்று அணில் நினைத்தான். அவருடைய இடது கை போர்வைக்கு மேலே எழுந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

முஷ்டி.

"என்னண்ணே? வலிக்குதா?"

முஷ்டி ஆடியது. விழுந்தது. மறுபடி எழுந்தது. அண்ணனின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அணில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். தூங்கிய பிறகும் அது விரியவில்லை.

மறுநாள் மதியம் ஏறும்போது மரம் சத்தமில்லாமல் இருந்தது. நேற்றுவரை இருந்த காக்கைகளைக் காணவில்லை. கயிற்றை வீசி, உயரத்தில் இருந்த தடித்த கிளை ஒன்றின் மேல் போட்டுக்கொண்டான். வளையம் இல்லாத நல்ல கிளை. அவன் எடையைப்போல மூன்று மடங்கு தாங்கும். அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, அடிமரத்தை விட்டு வெகுதூரம் நகர்ந்து, நீண்ட கொம்பின் நுனிக்கு வந்து சேர்ந்தான். கடைசி மஞ்சள் வளையம் அங்கேதான் இருந்தது. பொந்தின் வாய் கொஞ்சம் மேலே, கருப்பாகத் தெரிந்தது. வெகுநாள் பூட்டிய அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை வந்தது.

பாதி அறுத்தான். நிறுத்தினான்.

"விடவா?"

"விடு."

கை ரம்பத்துக்குப் போனது. அப்போது காற்றில் தழை விலகி, தரையில் ஒரு துண்டு தெரிந்தது. கிளை விழப்போகும் இடத்துக்கு நேராக, பழுப்பு நாய் ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

அணில் ரம்பத்தை எடுத்துவிட்டான். அண்ணன் கீழே நின்றால் பல்லியைக்கூட விரட்டிவிட்டுத்தான் சொல்லுவார்.

"அண்ணே, கீழ நாய் கிடக்கு."

"விடு."

"நாய் கிடக்குண்ணே. பாரு."

"விடுடா அணிலு."

அதே செருமல். அதே இழுவை. அந்தக் குரல் இதுவரை சொன்னதெல்லாம் அண்ணன் எப்போதோ மரத்தடியில் நின்று கத்திய வார்த்தைகள். அதற்கு வெளியே ஒரு சொல் அது சொன்னதில்லை. 'விடவா' தவிர வேறு எதைக் கேட்டாலும் அதற்கான பதிலை அது சொன்னதில்லை. நேற்று கண்ணீர் விட்டு அவன் பேசியதெல்லாம் யாரிடம்?

சுள்ளி ஒன்றை ஒடித்து நாயின் பக்கத்தில் போட்டான். நாய் எழுந்து தலையைத் தூக்கியது. அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, அவன் தலைக்கு மேலே பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சுவரோரமாக ஓடிவிட்டது.

"விடு" என்றது குரல்.

கீழே இருந்து இல்லை. முதலிலிருந்தே கீழே இருந்து இல்லை. சுவரில் பட்டுத் திரும்பியதை அவன் கீழே என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மேலே பார்க்கக் கழுத்து வரவில்லை.

பாதி அறுத்த கிளையை அப்படியே தொங்கவிட்டு இறங்கக் கூடாது. அது தொழிலின் முதல் பாடம். இறங்கினால் போதும் என்றது மனசு. ரம்பத்தை உறையில் செருகினான். உறையின் வாயைத் தேடித் தடவ வேண்டியிருந்தது. வெயில் இறங்கியிருந்தது. சுற்றிலும் இலைகள் மூடத் தொடங்கின. ஒவ்வொரு சோடியாக, சத்தமே இல்லாமல். பச்சைத் திரை சல்லடையாயிற்று. சல்லடைக்குக் கீழே தரை தெரிய ஆரம்பித்தது.

தரையில் ஒரு சக்கர நாற்காலி.

"தம்பி!" அண்ணியின் குரல். மெய்யான குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "அதிகாரி அம்மா வீட்டுக்குப் போன் பண்ணினாங்க. இப்ப வர்றாங்களாம், ரெண்டு பேரும் இருக்கணுமாம். உங்களுக்கு எத்தன தடவ அடிச்சேன், எடுக்கவே இல்ல. அதான் ஆட்டோ வச்சு இவரைக் கூட்டியாந்துட்டேன். டீ குடிச்சுட்டு உக்காந்திருக்காருன்னு சொல்லிக்கலாம்."

அவனுடைய போன் கீழே பைக்குள் கிடந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, முகத்தை மேலே தூக்கியிருந்தார். நாய் படுத்திருந்த அதே இடம்.

அண்ணி, அங்க வேணாம், தள்ளிட்டுப் போங்க. அணில் சொன்னான். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினான். காற்று மட்டும் வந்தது, வெறும் காற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

தலைக்கு மேலே அவனுடைய குரல், அவனுடைய அதே குரல், தெளிவாகச் சொன்னது.

"சரி அண்ணி. நீங்க போங்க."

"அப்ப நான் வாசல்ல நிக்கிறேன். அந்தம்மாவுக்கு வழி தெரியாது" என்றாள் அண்ணி. கணவரின் சால்வையை இழுத்துவிட்டாள். போய்விட்டாள்.

அணில் கயிற்றைப் பற்றினான். விழுந்தாலும் பரவாயில்லை, இறங்கிவிட வேண்டும், நாற்காலியைத் தள்ளிவிட வேண்டும். கயிறு வழுக்கியது. ஈரம். உள்ளங்கையை விரித்துப் பார்த்தான்.

மஞ்சள்.

இப்போது பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் கயிறு தொங்கும் அந்தத் தடித்த கிளையில், மதியம் ஒன்றுமே இல்லாத அந்த நல்ல கிளையில், புத்தம்புது மஞ்சள் வளையம். பெயின்ட் கயிற்றோடு வழிந்து வந்துகொண்டிருந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு. பாதி வெட்டு. சுத்தமான, நேரான, பழகிய கையின் வெட்டு. அதன் பின்னால் பொந்தின் இருட்டு. இருட்டுக்குள் ஏதோ தொண்டையைச் செருமியது.

உடம்பின் பாரத்தைச் சற்றே மாற்றினான். கிளை மெல்ல முனகியது. மரத்தூள் அவன் முகத்தில், உதட்டில், இமையில் உதிர்ந்தது.

அசையக் கூடாது. கயிற்றில் பாரம் ஏற்றாமல் அடிமரத்துக்குப் போகவும் முடியாது, இறங்கவும் முடியாது. அந்தக் கிளை விழுந்தால் அவனையும் இழுத்துக்கொண்டு நேராக அண்ணன்மேல் விழும்.

மேலே அவனுடைய குரல் கீழே குனிந்து, மரியாதையாக, முறையாகக் கேட்டது.

"விடவா?"

அண்ணனின் இடது கை எழுந்தது.

முஷ்டி.

மேலே எல்லாம் நின்றது. தூள் நின்றது. காத்திருந்தது. கேட்காமல் வெட்டுவதில்லை. பதில் வராமல் வெட்டுவதில்லை. அண்ணன் போட்ட விதி அதற்கும் தெரிந்திருந்தது.

அணில் வாயைத் திறந்து திறந்து மூடினான். அண்ணே, பிடி. இன்னும் கொஞ்சம் பிடி. எவ்வளவு கத்தியும் மார்புக்குள்ளேயே கிடந்தது. வாசலில் அண்ணி முதுகு காட்டி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேல் கையை வைத்து, எதிர்வெயிலை மறைத்துக்கொண்டு. ஒருமுறை திரும்பினால் போதும். அவள் திரும்பவில்லை.

"விடவா?"

முஷ்டி ஆடியது. முழங்கை வரை ஆடியது. அண்ணன் பல்லைக் கடித்திருந்தார். கண்கள் அணிலின் மேல் இல்லை. நாய் பார்த்த இடத்தில் இருந்தன. கை மார்பளவு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

கடைசி இலைச்சோடியும் மூடிக்கொண்டது. இப்போது ஒன்றுமே மறைக்கவில்லை. அண்ணனின் கை தெரிந்தது. கட்டைவிரல் தெரிந்தது. வியர்வையில் மினுங்கும் மணிக்கட்டு தெரிந்தது.

"விடவா?"

கை இன்னும் மேலேதான் இருந்தது. ஆனால் சுண்டுவிரல், முதலில் அது மட்டும், மெல்ல விரிந்தது.